சுக்காக இருக்கிறார்

"கட்டின புருஷனுக்குப் பச்சத்தண்ணி குடுக்காம, சுக்கா காய வச்சு அனுப்பிட்டாளேம்மா!"

பக்கத்து வீட்டு அண்ணனை எடுத்துக்கொண்டு போன பிறகு, கழுவிவிட்ட வாசலில் நின்றுகொண்டு அவருடைய நேர்மூத்த சகோதரி இப்படித்தான் சொன்னார். சந்தாபுராவிலிருந்து வந்தவர். மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷி. லிங்கராஜபுரத்தில் எங்களுடையது லைன் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' சொல்கிற அளவுக்குத்தான் சுவர். உள்ளே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, அது கேட்காமல் இருந்திருக்காது. அவள் தலை நிமிரவில்லை.

செத்த வீட்டில் பழி சொல்ல ஓர் ஆள் எப்போதும் கிடைத்துவிடும். அதை விடுங்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்தச் சொல்தான். சுக்கு. அது அக்காவுடைய சொல். அவள் வாயில் அது நல்ல சொல்.

ஊரில் வேறு யாரும் அதை நல்ல சொல்லாக வைத்திருக்கவில்லை. இஞ்சி காய்ந்தால் சுக்கு. ஆனால் வாடிய இஞ்சியும் தோல் சுருங்கிய இஞ்சியும் சுக்கு ஆகிவிடாது. உள்ளே பொட்டு ஈரம் இல்லாமல், கீறினால் நகம்தான் உடையும் என்கிற மாதிரி கெட்டிப்பட்டு நிற்க வேண்டும். அதனால்தான் 'காஞ்சிருச்சு' என்று ஒன்று சொல்கிறோம், 'சுக்கா காஞ்சிருச்சு' என்று இன்னொன்று சொல்கிறோம். முதலாவதில் தண்ணீர் போயிருக்கிறது. இரண்டாவதில் தண்ணீர் இருந்த நினைப்பே போயிருக்கிறது.

என் தையல் மிஷின் ஜன்னலோரமாக இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அதோடு நாலு பேச்சையும் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். இந்தச் சொல்லை எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன்! சப்பாத்தியை மூடி வைக்க மறந்த மருமகளைப் பற்றி ஒரு மாமியார்: "சுக்கா பூட்ச்சு. கடிக்கறதுக்கு இவ பல்லு குடுப்பாளா?" சித்திரை வெயிலில் கூடையை இறக்கிய பூக்காரம்மா: "நாக்கு சுக்கா ஒட்டிக்கினு வரமாட்டேங்குது, கண்ணு." ஐ.டி. கம்பெனிக்குப் போகிற ஒரு பெண், கையைத் தூக்கிக்கொண்டு அளவு கொடுத்தபடியே தன் மேனேஜரைப் பற்றி: "அந்தாளு சிரிச்சாக்கூட சுக்கா இருக்கும்க்கா." எல்லாமே குறை, ஏக்கம், இல்லையென்றால் கிண்டல். பாராட்டாகச் சொன்னவள் அக்கா ஒருத்திதான்.

அதை அவள் வேலை செய்த இடத்திலிருந்து கொண்டுவந்தாள். வெளிவட்டச் சாலையில் ஒரு பெரிய ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். யார் கை கழுவிவிட்டுப் போனாலும் அவர்கள் பின்னாலேயே போய் வாஷ்பேசின் மேடையைத் துடைக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து ஒரு டிஷ்யூ பேப்பரை மேடைமேல் வைத்து எடுப்பானாம். ஒட்டினால் திட்டு.

"ஒட்டலேன்னா?" என்று கேட்டேன்.

"ஒட்டலேன்னா ஒண்ணும் சொல்லமாட்டான். அவன் எதுக்குச் சொல்லப் போறான்? நானே எனக்குச் சொல்லிக்குவேன், சுக்கா இருக்குதுடின்னு."

வீட்டிலும் அதே கதைதான். பெங்களூரு மழை உங்களுக்குத் தெரியும். கொட்டித் தீர்க்காது. நசநசவென்று ஆடி முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். கொடியில் துணி காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து வைத்தால் மறுநாள் நாறும். நாங்கள் எல்லாரும் கையால் தொட்டுப் பார்த்து எடுத்துவிடுவோம். அவள் ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். சில்லென்று பட்டால் மறுபடி கொடிக்குப் போகும். "சட்டை இன்னும் அழுவுது" என்பாள். காய்ந்தால், "தோ, சுக்கு" என்று தட்டி மடிப்பாள். அதில் ஒரு திருப்தி.

அண்ணன் கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து அவருடைய கிட்னியைத் தின்றுவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். கிட்னி போனவருக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. காலில் இறங்கும், முகத்தில் ஏறும், கடைசியில் நெஞ்சில் நிரம்பி மூச்சை முட்டும். மிஷினில் போட்டு உறிஞ்சினால்தான் உண்டு. உறிஞ்சிய பிறகு உடம்பு என்ன எடையில் நிற்க வேண்டும் என்று டாக்டர் ஒரு கணக்கு வைத்திருப்பார். டயாலிசிஸ் செய்கிற இடத்தில் இருந்த நர்ஸ் கன்னடக்காரப் பெண். 'ட்ரை வெயிட்' என்றாளாம். அக்கா முழித்ததைப் பார்த்து, 'ஒண தூக்கா' என்று கன்னடத்திலும் சொன்னாளாம். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, சுக்கு எடையா!" என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வருகிற தமிழ்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அது சுக்கு எடைதான். கொஞ்ச நாளில் நர்ஸே, "சுக்கு சரியாகிதே அம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாளாம்.

இப்படித்தான் அந்தச் சொல் மேடையிலிருந்தும் சட்டையிலிருந்தும் அண்ணன்மேல் வந்து ஏறியது.

காலையில் நான் ஜன்னலைத் திறக்கும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து, அண்ணனுடைய காலை மடியில் வைத்திருப்பாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுப்பாள். குழி விழுந்து அப்படியே நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியாது. குழி விழவில்லை என்றால் என் ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னிக்கு சுக்கா இருக்காருடி" என்பாள். பிள்ளை ரேங்க் வாங்கிவிட்டான் என்று சொல்கிற தாய் மாதிரி.

"கேட்டியாம்மா?" என்பார் அண்ணன். "உங்கக்கா என்னைக் கருவாடு போடறா. அதுலயும் உப்பில்லாத கருவாடு."

"உப்பு போட்டா தாகம் எடுக்கும். தாகம் எடுத்தா திருடுவீங்க."

"திருடறதுக்கு ஊட்ல இன்னா வச்சிருக்க? கொடத்துமேல அம்மிக்கல்ல தூக்கி வச்சிருக்க. அதை நவுத்தறதுக்கே நாலு ஆளு வேணும்."

நாள் முழுக்க அவருக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். காப்பியும் அதற்குள், மாத்திரை விழுங்குவதும் அதற்குள். ரசம் கிடையாது, மோர் கிடையாது. காயை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பாள். இட்லிக்குப் பொடி, அதிலும் உப்புக் குறைவு. சாப்பிடும்போது அவர் விழுங்கச் சிரமப்படுவது எங்கள் சுவர் வழியாகக் கேட்கும்.

அவர் திருடவே செய்தார். ஒருநாள் நான் அவள் வீட்டில் ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பாத்ரூமில் இருந்தார். பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திக் காதைத் தீட்டினாள்.

"தண்ணி ஓடற சத்தம் வருது. பக்கெட்ல விழற சத்தம் வரல" என்றாள்.

எழுந்து ஓடிக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். வெளியே வந்தவரின் மீசையில் தண்ணீர் நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அகப்பட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரித்தார். மறுநாள் விடியும்போது படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்த அன்றே பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. "இன்னாக்கா இது? ஒரு ஆம்பளைய இப்படியா பண்றது? கொஞ்சம்கூட மரியாதை வேணாமா?"

"மரியாதைக்கு மூச்சு விடத் தெரியுமாடி?" என்றாள். திருப்புளியை டப்பாவுக்குள் போட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

லைனில் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். பேசினவர்கள் யாரும் அவளுடைய உதட்டைப் பார்த்ததில்லை. அண்ணன் பாட்டில் கணக்கில் விழுந்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். அவர் கண்ணுக்கு முன்னால் எப்படிக் குடிப்பது? "ஊசி இருக்காடி?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். நேராகச் சமையலறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்று, ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் இறக்குவாள். வாயை முந்தானையால் நன்றாக ஒற்றிக்கொண்டு போவாள். இதை நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அண்ணனுக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு மத்தியானம் அவர் குரல் சுவர் வழியாக வந்தது.

"ஏய், போய் அவ ஊட்ல ஊசி வாங்கிட்டு வா, போ. உதடு வெடிச்சிருக்குது பாரு."

அவள் வந்தாள். கதவுக்குப் பின்னால் சொம்பும் கையுமாக ரொம்ப நேரம் நின்றிருந்தாள். அன்று குடித்தாளா என்று எனக்குத் தெரியாது.

பிறகு அந்தக் கோடை வந்தது. எங்கள் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லார் போர்வெல்லும் அப்படித்தான். வீட்டுக்காரர் டேங்கர் சொல்லி அனுப்பினால், அது வருகிற நாளில் வரும். சத்தம் கேட்டதும் லைனே குடத்தோடு ஓடும். குழாய் பொத்தல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், அதற்குக் கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு நனைவார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஊருக்கே டயாலிசிஸ் நடக்குது பாரும்மா" என்றார் என்னிடம். "நம்ம சங்கத்துல ஆளு சேந்துக்கினே போறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு வாய். முழுங்கமாட்டேன். கொப்பளிச்சுத் துப்பிடறேன்."

அவள் குடத்திலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாயில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். கொப்பளிக்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தாள். தொண்டை மணி அசைகிறதா என்று குனிந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். குடத்தோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். கடைசியில் அவர் துப்பினார். அவள் மூச்சு விட்டாள். நின்றிருந்த ஒருத்தி, "ஐயோ, பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

அந்தக் கோடையில்தான் அக்காவின் நாத்தனார், அந்தச் சந்தாபுராக்காரர், இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யார் போவார்கள்? இளநீர்தான் வாங்குவோம். உடம்புச் சூட்டை எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. கிட்னிக்காரருக்கு அது ஆகவே ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததில்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அண்ணனுக்குத் தெரியும். நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் கூடப்பிறந்தவள் சொம்பில் ஊற்றி, "குடிடா ராஜா" என்று வாயருகில் கொண்டுவந்தால், அவ்வளவு தாகத்தில் இருக்கிற மனுஷன் என்ன செய்வார்? ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் விட்ட ஏப்பம்கூடக் கேட்டது. சொம்பில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் கை கால் தளர்ந்துபோயிற்று. எழ முடியவில்லை. நான் போன் போட்டதும் அக்கா யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். வாசலில் கிடந்த இளநீர்க் குடுக்கையைப் பார்த்தாள். கத்தவில்லை.

"அண்ணி, இதுல இருக்கற சத்து வெளிய போறதுக்கு அவருக்கு வழி இல்ல. நேரா நெஞ்சுல போய் அடிக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

"இளநி குடிச்சு செத்தவன் உலகத்துல யாராச்சும் இருக்காங்களா?" நாத்தனாருக்கும் அழுகை வந்துவிட்டது. "நீ ஒழுங்கா தண்ணி குடுத்திருந்தா அவன் ஏன்டி இளநிக்கு இப்படி ஏங்கறான்?"

அக்கா ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் அண்ணனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஐ.சி.யூ.விலிருந்து அவர் திரும்பி வந்தார். ஆனால் நெஞ்சு பழைய நெஞ்சாக இல்லை. மிஷினில் போட்டால் பிரஷர் கீழே விழுந்தது, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று ஒருநாள் டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வந்து எங்களிடம் சொன்னது வேறு மாதிரி: "கொஞ்சம் பிரஷர் ஏறட்டும், அப்புறம் கூட்டியாங்கன்னாங்க." எங்களுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியாமலா இருக்கும்? ஆனால் பாட்டில் கணக்கு மாறவில்லை. வாய் திறந்தபடி கிடந்தவருக்கு நனைத்த துணியால் உதட்டைத் தொட்டுவிடுவாள், அத்தோடு சரி.

சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். போகிற உயிருக்கு ஆளாளுக்கு ஒரு வாய் பால் ஊற்றுவது வழக்கம். நாத்தனார் டம்ளரில் பாலோடு வந்தார். அக்கா நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு அவருக்கு டயாலிசிஸ் நாளு. மத்தியானம் போவணும். யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

"அடிப்பாவி, அவன் மொகத்தப் பாத்தியாடி? எங்க தூக்கினு போவப் போற?"

"ஆட்டோ சொல்லியிருக்கேன், அண்ணி."

"சாவற வாயிலகூடத் தண்ணி படக்கூடாதா உனக்கு?"

அக்கா கையை எடுக்கவில்லை. நாத்தனார் பாலைத் துளசிச் செடியில் கொட்டிவிட்டு, அழுதுகொண்டே கேட் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். உள்ளே நான் மட்டும்தான் அவளோடு இருந்தேன்.

சொன்ன நேரத்துக்கு ஆட்டோ வந்தது. எப்போதும் வருகிற பாய்தான். நிலைப்படி வரை வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் குல்லாயைச் சரிசெய்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். "அம்மா, தூக்கறதா?" என்று மெல்லக் கேட்டார்.

அண்ணனுக்கு அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமல், "தண்ணி" என்றார். கெஞ்சவில்லை. பழக்கத்தில் சொன்ன மாதிரி இருந்தது, கிடைக்காது என்று தெரிந்தே சொல்கிற மாதிரி.

அக்கா அவரைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். 

"பாய், நீங்க போங்க" என்றாள். "இன்னிக்கு வேணாம்."

"நாளைக்கு வரட்டுமாம்மா?"

அவள் பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போனாள். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தாள். தரையில் உட்கார்ந்து அண்ணனின் தலையைத் தன் கைமேல் தூக்கி வைத்துக்கொண்டு டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள்.

"குடிங்க" என்றாள். "எவ்ளோ வேணுமோ குடிங்க."

அண்ணன் கண்ணைத் திறந்தார். விளிம்பு வரை நிறைந்திருந்த டம்ளரைப் பார்த்தார். அதிலிருந்து மெதுவாக அவள் முகத்துக்கு வந்தார். வாயைத் திறக்கவில்லை. இத்தனை காலமும் ஒரு வாய் தண்ணீருக்காகத் திருடின மனுஷன், பாத்ரூம் குழாயில் வாய் வைத்த மனுஷன், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் கண்ணில் நான் அதுவரை பார்த்திராத பயம் இருந்தது.

"ஏன்?" என்றார்.

டம்ளர் சாய்ந்து, தண்ணீர் அவர் நெஞ்சில் சிந்தியது.

"தாகம்னீங்களே" என்றாள்.

 பிறகு, தாகத்துக்காக இல்லை, டம்ளரைப் பிடித்திருந்த அந்தக் கைக்காகத்தான் போலிருக்கிறது, வாயைத் திறந்தார்.